பிரெஞ்சு எடுத்தால் துரோகமா?

ரெண்டு வருசத்துக்கு முன்னால், ஒரு ஜூன் மாத ராத்திரி. அண்ணன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தது. கையில் ஒரு படிவம். அண்ணன் மகள் பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கியிருந்தாள். அவள் படித்த தனியார் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான படிவம் அது. எல்லாம் எழுதியிருந்தது. 'மொழிப்பாடம்' என்ற இடம் மட்டும் காலி.

"பிரெஞ்சு எடுக்கச் சொல்றாங்கோ. தமிழ்ல மார்க்கு புடிச்சிக்குவாங்களாம், பிரெஞ்சுன்னா நூத்துக்கு நூறு வருமாம். டியூசன் பீசு தனி. நீதான் தமிழ் எம்.ஏ. படிச்சிக்கீற, மேடையில எல்லாம் பேசுற. நீ இன்னாம்மா சொல்ற?"

எனக்கு வாயில் பதில் வரவில்லை. பதினெட்டு வயசிலிருந்து தமிழைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நான். தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் துண்டறிக்கை கொடுத்திருக்கிறேன். என் அண்ணன் மகளே தமிழை விட்டுப் பிரெஞ்சுக்குப் போனால் தோழர்கள் சும்மா விடுவார்களா? ஊருக்குத்தான் உபதேசமா என்று கேட்க மாட்டார்களா? கேட்டார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில். அந்த ராத்திரி அண்ணனுக்கு நான் முழுசாகச் சொல்லாமல் விட்ட பதிலும்கூட.

கேள்வியை ஒளிவு மறைவில்லாமல் வைத்துக்கொள்வோம். ஒரு சேரிப் பிள்ளை மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டு வேறு மொழியில் பரிட்சை எழுதினால் அது துரோகமா? துரோகம் என்றால், யாருக்கு?

*

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் பகுதி ஒன்று என்பது மொழிப்பாடம். அதில் தமிழும் எடுக்கலாம், பிரெஞ்சும் எடுக்கலாம், சமஸ்கிருதமும் எடுக்கலாம். 2018 வரை பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200. அதில் மொழிப்பாடம் மட்டும் இரண்டு தாள், 200 மதிப்பெண். 2018-19 முதல் மொத்தம் 600 ஆனது. மொழிப்பாடம் ஒரே தாள், நூறு மதிப்பெண்.

பள்ளியிலேயே தமிழை எட்டிப் பார்க்காமல் படித்து முடிக்கலாம் என்ற நிலை இங்கே ரொம்ப காலம் இருந்தது. தமிழ் கற்றல் சட்டம் வந்தது 2006-ல். ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, 2015-16-ல்தான் அது பத்தாம் வகுப்பைத் தொட்டது. பதினொன்றாம் வகுப்பில் கதவு மறுபடி திறந்துகொள்கிறது. தமிழை இறக்கி வைத்துவிட்டு, எழுத்திலிருந்து தொடங்கிப் பிரெஞ்சு படித்து, ரெண்டு வருசத்தில் பரிட்சை எழுதலாம்.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் போட்ட காலத்தில் தமிழைப் பாடமாக எடுத்தவர்களுக்கே அந்த இடங்கள். வேறு மொழி எடுத்து அதைவிடக் கூடுதலாக வாங்கியவர்களுக்குத் தனிப் பட்டியல். 2017-ல் அந்தப் பட்டியல்களே நின்றுபோயின. ஆனால் அந்தத் தனிப் பட்டியல் ஒரு உண்மையை வருசா வருசம் சொல்லிக்கொண்டிருந்தது. தமிழை விட்டவர்களுக்கு மார்க்கு கூட வரும் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது.

இந்தக் கதவு யாருக்குத் திறந்திருந்தது? பட்டணத்து மெட்ரிகுலேசன் பள்ளிக்கு. பீஸ் கட்ட முடிந்தவர்களுக்கு. நான் படித்தது சேரியை ஒட்டிய அரசுப் பள்ளி. அங்கே மொழிப்பாடம் என்றால் தமிழ். வேறு மொழி எடுக்கலாம் என்பதே எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். நான் பார்த்த எந்த அரசுப் பள்ளியிலும் பிரெஞ்சு சொல்லித்தர ஒரு ஆள் இருந்ததில்லை. ஆக, நான் தமிழைத் தேர்ந்தெடுக்கவில்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். வேறு வழி இல்லாதவள் இருந்த இடத்திலேயே இருந்ததற்கு விசுவாசம் என்று பேர் வைத்தால், அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விலகிப் போக வழி இருந்தும் நிற்பவர்தான் விசுவாசி. வழி இருந்து போனவரைத்தான் துரோகி என்று கேட்க முடியும். அப்படிக் கேட்பதாக இருந்தால் முப்பது நாற்பது வருசமாக அந்தக் கதவு வழியே போய் வந்தவர்களைக் கேட்டிருக்க வேண்டும். மேடையில் தமிழ் வாழ்க சொல்லிவிட்டு வீட்டுப் பிள்ளைக்குப் பிரெஞ்சு வாத்தியார் வைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் போனால் அது கெட்டிக்காரத்தனம். முதல் முறையாக ஆட்டோ ஓட்டுகிறவன் மகள் அந்த வாசலில் காலை வைக்கும்போது மட்டும் மொழிப்பற்று பற்றிய பாடம் தொடங்குகிறது.

*

துரோகம் தமிழுக்கு என்றால், எந்தத் தமிழுக்கு?

ஆறாவது படிக்கும்போது 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை. நான் 'எங்க வூடு கூர வூடு' என்று எழுதினேன். ஆயா பேசுகிற மாதிரி எழுதினேன். சிவப்பு மை. தமிழாசிரியர் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "காலனிப் பேச்சை எல்லாம் காலனியிலேயே வச்சிட்டு வா" என்றார். வகுப்பு சிரித்தது. அந்த நோட்டில் தப்பாக இருந்தது ஒரு எழுத்துத்தான். தப்பாகிப் போனது என் ஆயாவின் வாய். ஊர்த்தெருப் பிள்ளைகளும் 'வூடு' என்றுதான் பேசினார்கள். ஆனால் அவர்கள் எழுதினால் அது பிழை. நான் எழுதினால் அது பிறப்பு.

பிறகு எம்.ஏ. வரைக்கும் அந்தச் செந்தமிழைத்தான் படித்தேன். நந்தன் கதையைப் பக்தி என்ற தலைப்பில் எழுதினால் மார்க்கு வரும் என்று தெரிந்துகொண்டேன். தீயில் இறக்கியவர்கள் யார் என்று கேட்டு எழுதினால் மார்க்கு வராது என்பதையும் தெரிந்துகொண்டேன். தாய்மொழி என்கிறார்கள். என் தாய் பேசிய மொழியை அந்தத் தாள் ஒருநாளும் வாங்கிக்கொள்ளவில்லை.

இதனால் தமிழ் அவர்களுடையது என்று விட்டுக்கொடுத்துவிட முடியாது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை நடத்தினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தன் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர் வைத்தார். வைத்தியரும் புலவருமான அவர் கேட்டது சலுகை இல்லை, உரிமை. தமிழ் எங்களுடையதும்தான். அதனால்தான் அதைப் படிக்கிறோமா விடுகிறோமா என்பதை எங்களுக்கு வெளியே இருக்கிறவர்கள் தீர்மானிக்கக் கூடாது என்கிறேன்.

*

அம்பேத்கரின் பள்ளிக்கூடக் கதையை இந்த இடத்தில் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதம் எடுக்க ஆசைப்பட்டார். தீண்டப்படாத பையனுக்கு அது இல்லை என்றார்கள். பாரசீகம் எடுத்தார். 1907-ல் மெட்ரிகுலேசன் தேறினார். சமஸ்கிருதத்தைப் பின்னால் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டார். 1913-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், பொருளாதாரமும் வரலாறுமாக அத்தனை பாடம் படித்ததோடு, தொடக்கநிலைப் பிரெஞ்சு ஒன்றும் ஜெர்மன் ஒன்றும் எடுத்திருக்கிறார். அங்கே யாரும் அவரைப் பிறப்பு கேட்டு வெளியே நிறுத்தவில்லை.

பம்பாயில் மூடிய கதவையும் நியூயார்க்கில் திறந்த கதவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விசயம் புரிகிறது. நமக்கு மொழிப்பாடம் ஒருநாளும் ருசி சம்பந்தப்பட்ட காரியமாக இருந்ததில்லை. வேண்டியதைத் தர மாட்டார்கள். வேண்டாத ஒன்றை உனக்கு இதுதான் என்பார்கள். ஆகவே எந்த மொழி உயர்ந்தது என்று அடித்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. வாசலில் நின்று 'நீ இது, நீ அது' என்று பிரித்து அனுப்புகிறவன் யார் என்பதுதான் கேள்வி.

*

சரி, பிரெஞ்சு மட்டும் சாதி படாத மொழியா?

அண்ணன் மகள் பிரெஞ்சுதான் எடுத்தாள். இப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பரிட்சை. மச்சு வீட்டு மொட்டை மாடியில், மலை தெரிகிற பக்கமாக உட்கார்ந்து படிக்கிறாள். சுவரில் வினைச்சொல் அட்டவணை ஒட்டியிருக்கிறது. போனது, வந்தது, பிறந்தது, செத்தது எல்லாவற்றுக்கும் ஒரு துணைவினை, சாப்பிட்டது, பார்த்தது எல்லாவற்றுக்கும் வேறொரு துணைவினை என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். ஒருநாள் கேட்டாள்.

"அத்தே, இவங்க பாஷையில மேசை பொம்பள, புத்தகம் ஆம்பள. அஃறிணையே இல்ல. நம்ம தமிழ்ல மனுசங்களையே அதுன்னு சொல்றாங்க இல்ல?"

நாங்கள் அண்ணனை 'அது வந்துச்சு' என்போம். அது பாசம். ஆனால் ஆண்டை வீட்டு வாசலில் என் தாத்தாவை 'அது வந்துச்சா?' என்று கேட்டது பாசத்தில் இல்லை. மக்கள் எல்லாரும் உயர்திணை என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்லித்தான் வைத்திருக்கிறது. ஊரில் அந்த இலக்கணம் தெருவைப் பார்த்துத்தான் வேலை செய்தது.

இன்னொரு நாள் வேறு கேள்வி. பிரெஞ்சில் நீ என்பதற்கு 'த்யூ', நீங்கள் என்பதற்கு 'வூ'. "வூன்னா ஆயா சொல்ற வூடு மாதிரியே கீது" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "யாருக்கு எத சொல்றதுன்னு எப்படித்தே தெரியும்? பரிட்சையில தப்பாப் போட்டா மார்க்கு போயிடும்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த கதையையே சொன்னேன். எழுபது வயசு தாத்தாவை ஏழு வயசுப் பையன் 'டேய்' என்று கூப்பிட்டதைச் சொன்னேன். பிறகு அவளுக்குத் தெரியாத கதையைச் சொன்னேன். 1793-ல், புரட்சி நடந்துகொண்டிருந்த பிரான்சில், இனி எல்லாரும் எல்லாரையும் 'த்யூ' என்றே அழைக்க வேண்டும், ஐயா என்பதற்குப் பதில் குடிமகன் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு இயக்கமே நடந்தது. மேலே இருந்தவர்களைக் கீழே இறக்கிச் சமமாக்குவது அவர்கள் வழி. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நமக்கு அது சரிப்படாது அத்தே. நம்மளத்தான் எல்லாரும் ஏற்கெனவே நீ நீன்றாங்களே. எல்லாருக்கும் வூ போட்டாத்தான் நமக்குச் சரி." ஒரு பதினேழு வயசுப் பிள்ளை இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள்.

அந்தப் புரட்சி கொடுத்த மரியாதையும் கடல் தாண்டி வரும்போது மாறிப்போனது. மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பரான பிரான்ஸ் ஃபனான் 1952-ல் வெளியிட்ட 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலின் முதல் அத்தியாயமே மொழி பற்றியதுதான். வெள்ளைக்காரர்கள் கறுப்பரிடமும் அரபியரிடமும் பேசும்போது அவர்கள் வாயில் மொழி எப்படிச் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மொழியாக இறங்குகிறது என்று அதில் எழுதுகிறார். 'காலனிப் பேச்சு' என்று சொன்ன வாத்தியார் அங்கேயும் இருக்கிறார்.

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் புதுச்சேரி. செஞ்சிக் கோட்டையே 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. நம்ம மாவட்டத்து வந்தவாசியில் 1760-ல் அவன் வெள்ளைக்காரனிடம் தோற்றான். ஆனால் புதுச்சேரி பின்னால் அவனிடமே திரும்பி வந்தது. அங்கே 1881 செப்டம்பர் 21-ல் ஒரு ஆணை போட்டார்கள். இந்தியர் ஒருவர் தன் சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால், பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். புதிய குடும்பப் பேர் வைத்துக்கொள்ளலாம். கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும்தான் கூடுதலாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கையெழுத்தில் சாதி போய்விடும் என்றால் யார்தான் போடமாட்டார்கள்? ஆனால் 1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். வெள்ளையர் ஒன்று, துறந்தவர்கள் ஒன்று, துறக்காதவர்கள் ஒன்று. கையெழுத்துப் போட்ட தாள் சமம் என்றது. பட்டியல் தனியாக வைத்தது.

ஆக, பிரெஞ்சு சுத்தமான மொழி என்று நான் யாருக்கும் சான்றிதழ் கொடுக்கவில்லை. சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்ற மூன்று சொல்லையும் அந்த மொழியில் அவள் எழுதிப் பார்க்கிறாள். 1954 அக்டோபரில் வானொலியில் பேசிய அம்பேத்கர், இந்த மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று சொன்னார். அதையும் அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. பிரெஞ்சு வகுப்பில் எல்லாப் பிள்ளையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. யாருக்கும் அங்கே வீட்டுப் பேச்சு இல்லை. அதனால் யாருடைய வீட்டுப் பேச்சும் தப்பில்லை. அவள் தப்பாகச் சொன்னால் அது பிழை மட்டும்தான். அதற்குள் யாரும் தெருவைத் தேடுவதில்லை. வகுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து தப்பு செய்கிற சுகம் இருக்கிறதே, அது எனக்கு ஆறாவதிலேயே போய்விட்டது. அவளுக்கு அது பதினாறு வயசில் பிரெஞ்சில் கிடைத்தது. இதைத் துரோகம் என்று எந்த வாயால் சொல்வேன்?

*

இத்தனையும் சொன்ன பிறகு, மார்க்கு விசயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும்.

மார்க்கு பெரிசில்லை, அறிவுதான் பெரிசு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வயிறு நிறைந்தவன் சோறு பெரிசில்லை என்று சொல்லலாம். அரியலூர் மாவட்டத்து மூட்டை தூக்குகிறவர் மகள் அனிதா தமிழ்வழியில் படித்து 1176 வாங்கினார். 2017-ல் நீட் வந்து அந்த 1176-ஐச் செல்லாக் காசாக்கியது. அந்த செப்டம்பர் முதல் தேதி அவரை இழந்தோம். மார்க்கு வாங்கினால் கதவு திறக்கும் என்று சொல்லிவிட்டு, வாங்கி வந்தபோது பூட்டை மாற்றியவர்களுக்கு மார்க்கைப் பற்றி அறவுரை சொல்ல அருகதை கிடையாது.

அதனாலேயே கணக்கைச் சரியாகப் போட வேண்டும். அந்த ராத்திரி அண்ணனிடம் போட்டுக் காட்டினேன். பொறியியல் கட் ஆஃபில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்குத்தான். மொழிப்பாட மார்க்கு அதில் சேராது. மருத்துவத்துக்கு நீட். அப்படியானால் பிரெஞ்சில் வருகிற நூற்றுக்கு நூறு யாருக்குப் போகும்? மொத்த மார்க்கில் ஏறும். மொத்த மார்க்கு பள்ளிக்கூடத்து ஃபிளக்சில் ஏறும். அண்ணன் கடன் வாங்கி டியூசன் பீஸ் கட்ட, அடுத்த வருசச் சேர்க்கைக்கு அவர்கள் விளம்பரம் போட்டுக்கொள்வார்கள்.

அண்ணன் அரை நிமிசம் பேசவில்லை. அப்புறம், "அப்போ வேணாம்ன்றியா?" என்றது.

இங்கேதான் நான் தடுமாறினேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது. கணக்கைக் காட்டியே அவளைத் தமிழில் நிறுத்திவிடலாம். தோழர்கள் முன்னால் என் பேரும் கெடாது. என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவள் படிப்பைப் பயன்படுத்துகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. "அவளக் கேளுண்ணா" என்றேன்.

கேட்டோம். அவள் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. "நைனா ஆட்டோல வர்றவங்க பேசறது எனக்குப் புரியணும்" என்றாள். ரமணாசிரமம் சாலையில் ஓட்டுகிற அண்ணனுக்கு 'போன்ழூர்', 'மெர்சி' தெரியும். மலையைத் தேடி வருகிற வெள்ளைக்காரர்கள் வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டு வருவார்கள். அவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்களா, மலையைப் பற்றிப் பேசுகிறார்களா என்று அதற்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் நடக்கிற பேச்சு தனக்குப் புரிய வேண்டும் என்று ஒரு சேரிப் பிள்ளை ஆசைப்படுவதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பரிட்சைக்குத் தயாராகிற விதம் அந்த ஆசையைக் கொன்றுவிடும்போல இருக்கிறது. பாரீசில் இருக்கிற இல்லாத சிநேகிதிக்குக் கடிதம் எழுத மனப்பாடம். கேள்வி வரும் வரிசை மனப்பாடம். பதில் மனப்பாடம். நூறு வாங்கப் போகிறாள். ஆட்டோவில் வந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வழி கேட்டபோது அவளுக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டு வந்தாள். அதற்கப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம். பகலில் பரிட்சைக்குப் படிப்பது. சாயந்திரம் அரைமணி நேரம், நடந்ததை நடந்தபடி பிரெஞ்சில் சொல்வது. ரேசன் கடையில் நின்றதை, தண்ணீர் லாரி வராததை, காலனியைத் தாண்டித் திருவிழா ஊர்வலம் போனதை. இதற்கெல்லாம் கைடில் வார்த்தை இல்லை. அகராதியில் தேடுகிறாள். 'சேரி' என்பதற்கு அவளுக்கு இன்னும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தமிழ்ச் சொல்லையே அப்படியே எழுதிவிட்டாள். நான் திருத்தவில்லை.

*

இனி என் முடிவைச் சொல்கிறேன்.

வாய்ப்பே இல்லாமல் வைக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்பு வரும்போது அதை எடுப்பது துரோகம் ஆகாது. அதை எடுக்காதே என்று, ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்கள் சொல்வதுதான் அநியாயம். ஃபிளக்சுக்காகப் பிரெஞ்சு எடுத்தால் நம் பிள்ளை ஏமாறும். மொழி வேண்டும் என்று எடுத்தால் நம் பிள்ளை ஜெயிக்கும். ரெண்டுக்கும் வித்தியாசத்தை அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேச வேண்டியது நம் பொறுப்பு. பீஸ் கட்டிவிட்டதோடு அது முடிவதில்லை.

நம் கோரிக்கையும் மாற வேண்டும். பிரெஞ்சைத் தடை செய் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனியார் பள்ளியில் கிடைக்கிற மொழி எதுவானாலும் அரசுப் பள்ளியிலும் கிடைக்க வேண்டும், ஆசிரியரோடு கிடைக்க வேண்டும் என்று கேட்போம். கூடவே இன்னொன்றையும் கேட்போம். தமிழ்த் தாளில் எங்கள் ஆயா வாய்க்கும் இடம் வேண்டும். பிள்ளைகள் தமிழை விட்டு ஏன் ஓடுகிறார்கள் என்று கவலைப்படுகிறவர்கள், எந்த வகுப்பில் எந்த நோட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தோம் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

எனக்குத் தமிழ் போதும். அதில் சண்டை போட எனக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. அவளுக்கும் அது போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாற்றுக் கருத்து உள்ள தோழர்கள் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பிள்ளை பிளஸ் டூவில் என்ன மொழி எடுத்தது என்பதை முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.